கறை பார்த்து வாங்கியவர்

கிரிக்கெட் மட்டையைக் கையில் தூக்கிக்கூடப் பார்க்காமல், அதன் முகத்தில் கைபேசி வெளிச்சத்தை அடித்துக் குனிந்து ஆராய்ந்துகொண்டிருந்தார் வெள்ளைச் சட்டைக்காரர். இஸ்திரி கலையாத சட்டை, இஸ்திரி போட்டது மாதிரியே ஒரு முகம். விளையாட்டுச் சாமான் கடையின் விற்பனைப் பெண்ணுக்கு அவரைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது.

"இது வேண்டாம். அடுத்தது காட்டுங்க."

"ஏன் சார், இதுல என்ன குறை?"

"கறை..." என்று இழுத்தவர், மேற்கொண்டு சொல்லாமல் அடுத்த மட்டைக்குக் கை நீட்டினார்.

இந்த ஒரு சொல்லைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துப் போயிருந்தது. மட்டை செய்கிற வில்லோ மரத்தில் பழுப்பாக ஒரு பட்டையோ சின்னதாக ஒரு கணுவோ தெரிந்தால் போதும், வருகிறவர்கள் எல்லாம் செத்த எலியைப் பார்த்ததுபோல முகத்தைச் சுளித்தார்கள். கல்லூரி அணியில் விக்கெட் கீப்பராக நின்றவள் அவள். மட்டையில் பந்து படும் சத்தத்தை வைத்தே அதன் தரத்தைச் சொல்லிவிடுவாள். அந்தத் தைரியத்தில்தான் கறை விழுந்ததால் மலிவாகக் கிடைத்த மட்டைகளாகப் பொறுக்கிக் கடைக்குக் கொள்முதல் செய்திருந்தாள். ஒன்றுகூட விற்கவில்லை.

கல்லாவில் இருந்த முதலாளி காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்.

"இன்னிக்கு அதுல ஒண்ணாவது போகணும். இல்லேன்னா நாளைக்கு எல்லாக் கறை மேலயும் பெரிய ஸ்டிக்கரா ஒட்டி வித்துடுவேன். அப்புறம் சரக்கு எடுக்கறது என் வேலை, பில் போடறது மட்டும்தான் உன் வேலை."

மறைத்து ஒட்டி ஏமாற்றி விற்பது அவளுக்குப் பிடிக்காது. ஆசையாகக் கற்றுக்கொண்ட கொள்முதல் வேலையும் அதோடு போய்விடும். மரச்சுத்தியலை எடுத்து மட்டையின் நடுவில் தட்டிக் காட்டினாள்.

"சத்தத்தைக் கேளுங்க சார். மரம் வளரும்போதே விழுந்த நிறம் இது, வேற ஒண்ணுமில்ல. பந்துக்கு என்ன கண்ணா இருக்கு, கறையைப் பார்த்து ஒதுங்கிப் போக?"

அவர் சத்தத்தைக் காதில் வாங்கவே இல்லை. கைபேசியைப் பார்த்தார், மட்டையைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"பேட் யாருக்கு சார்? எப்படி ஆடுவாங்கன்னு சொன்னா அதுக்குத் தோதா எடுத்துத் தரேன்."

"மச்சினனுக்கு. ஆட்டத்தைப் பத்தியெல்லாம் எனக்குத் தெரியாது. கொஞ்சம் சீக்கிரம் காட்டுங்க. வொய்ஃப் மாடிப்படியில விழுந்து ஆஸ்பத்திரில இருக்கா, நான் அங்க போகணும்."

அவள் மட்டையை மேஜையில் வைத்துவிட்டு அவரையே பார்த்தாள். பெண்டாட்டி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், இந்த மனிதர் கடையில் நின்று மரக்கட்டைக்கு மச்சம் பார்க்கிறார். சே, இப்படியும் ஒரு புருஷன். போய்த் தொலையுங்கள் என்று சொல்ல நாக்கு துடித்தது. முதலாளி கல்லாவிலிருந்து கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததால் அடக்கிக்கொண்டாள்.

"கறையே இல்லாதது அந்த அலமாரியில இருக்கு சார். எடுக்கட்டுமா?"

"கறை கூடாதுன்னு நான் சொன்னேனா? கறை இருக்கட்டும். ஆனா இடது ஓரத்துல, கம்பெனி ஸ்டிக்கருக்குக் கீழ இருக்கணும். நீங்க காட்டறதுல எல்லாம் நடுவுல இருக்கு."

கறைக்குக்கூட முகவரி கேட்கிற ஆளை அவள் இப்போதுதான் பார்க்கிறாள். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும், கறை இருக்கட்டும் என்று சொன்ன முதல் வாடிக்கையாளர். அவசர அவசரமாகக் குவியலைக் கலைத்து அடியிலிருந்து ஒன்றை உருவினாள். இடது ஓரத்தில், ஸ்டிக்கருக்குக் கீழே, கட்டைவிரல் அகலத்தில் ஒரு பழுப்புப் பட்டை.

கைபேசியில் இருந்த படத்தோடு அதை அவர் திருப்பித் திருப்பி ஒப்பிட்டார். கடைக்குள் நுழைந்ததிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தார்.

"இதேதான். அதே கம்பெனி, அதே கறை. வீட்டுல இருக்கற புது பேட்டும் அச்சு அசல் இப்படித்தான்."

"வீட்டுலயே ஒண்ணு இருக்கா சார்? அது எப்படி, நல்லா இருக்கா?"

அவர் அவசரமாகப் பர்ஸை எடுத்தார். உறை வேண்டாம், பில்லும் வேண்டாம் என்று பணத்தை எடுத்து வைத்தார்.

முதலாளி வாயெல்லாம் பல்லாக எழுந்து வந்தார். "பரவாயில்லம்மா, கறைக்கும் ஆள் இருக்கத்தான் செய்யறாங்க. ஸ்டிக்கர் எல்லாம் வேண்டாம், இனிமே கொள்முதல் உன் இஷ்டம்" என்றார்.

அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. அந்த மனிதர் மேல் இருந்த அருவருப்புகூடக் கொஞ்சம் இறங்கியது. என்ன இருந்தாலும் இந்த நேரத்திலும் மச்சினனை நினைத்து வாங்குகிறாரே, நாம்தான் தப்பாக நினைத்துவிட்டோமோ என்று தோன்றியது. அவர் மேஜையிலேயே விட்டுப்போன சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

அவர் மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தெருவைப் பார்த்தபடி, வாயைக் கையால் மறைத்துக் கைபேசியில் பேசிக்கொண்டிருந்தார்.

"கிடைச்சிருச்சும்மா. போலீசுக்கு இதைக் காட்டிக்கலாம், நீ வீட்டுல இருக்கறதை எரிச்சிடு."