ஓரத்தில் ஒரு பதில்

ஹென்னிங் காபி போட்டான். கறுப்பு ரொட்டியில் வெண்ணெய் தடவினான். தினவசனக் கையேட்டை விரித்து அன்றைய தேதிக்கான வசனத்தைச் சத்தமாகப் படித்தான். களைத்தவனுக்குக் கர்த்தர் பெலன் தருவார் என்றிருந்தது.

மனைவி வீப்கேயின் பதில் தயாராக இருந்தது: "உனக்குப் படுக்கையை விட்டு எழுந்திரிக்கவே நிறைய பெலன் வேணும்."

ஹென்னிங் சிரித்துக்கொண்டான்.

அப்போதுதான் உள்ளே வந்த தங்கை கேஸா எட்டிப் பார்த்தாள். "அண்ணா, இது போன வருஷக் கையேடு."

"இதுலதானே அவ ஓரத்துல பதில் எழுதி வெச்சிருக்கா."

"நாளைக்கு?"

அவன் தாளைத் திருப்பினான். ஓரம் வெறுமையாக இருந்தது. அதற்குமேல் எல்லாத் தாள்களும் அப்படித்தான்.

கேஸா புதுக் கையேட்டை மேசையில் வைத்தாள். "ஆஸ்பத்திரியில அண்ணி கடைசியா சொன்னது இதுதான்: 'அடுத்த வருஷம் அவனுக்குப் புதுசு வாங்கிக் குடு, கேஸா. என் கிண்டலை ரெண்டாவது வருஷமும் எந்த மனுஷனும் தாங்க மாட்டான்.'"