நூறு துடிப்புகள்

கண்ணாடித் தொட்டியில் எலி மூளையின் துண்டு கிடந்தது. வெட்டிப் போட்ட நகத்தின் அளவுதான். எலி காலையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. துண்டுக்குச் சாயங்காலம் வரை உயிர் உண்டு.

எர்லிங் பொத்தானை அமுக்கினார். ஒரு நொடிக்குள் நூறு மின்துடிப்புகள்.

அதன்பிறகு லேசாக ஒரு துடிப்பு கொடுத்தாலே திரையில் கோடு இரண்டு மடங்கு எகிறியது. நரம்பணுக்களுக்கு நடுவே இணைப்பு இறுகிவிட்டது.

"பார்த்தியா குன்வோர்? தலையே இல்லாத எலி, ஒரு தடவை சொன்னா மறக்க மாட்டேங்குது. இதை நம்ம டீன் மண்டைக்குள்ள வச்சுத் தைக்கணும்."

குன்வோர் சிரித்தாள். இருபது வருஷமாக அவருடைய ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள். எந்த ஜோக்குக்கும் முதல் தடவை கேட்பதுபோலச் சிரிக்கத் தெரியும்.

"வீட்டிலேருந்து தோரா போன் பண்ணாளா?" என்று கேட்டார் எர்லிங்.

"பதினொன்றரை ஆச்சு. முதல்ல சாப்பிடுங்க."

ஆஸ்லோ முழுக்க ரொட்டி டப்பா திறக்கும் நேரம். எர்லிங்கும் திறந்தார். பழுப்புப் பாலாடைக்கட்டி தடித்தடியாக இருந்தது. தோரா கண்ணாடி மாதிரி அல்லவா சீவுவாள்? ஏதோ கோபம். என்ன செய்து தொலைத்தோம் என்று யோசித்தார். முப்பத்தெட்டு வருஷத் தாம்பத்தியத்தில் காரணத்துக்கா பஞ்சம்?

ஒரு ரொட்டியோடு இன்னொன்று ஒட்டாமலிருக்க நடுவே வைக்கும் மெழுகுத்தாளில் பென்சில் எழுத்து. அவருடைய கையெழுத்து.

'தோரா நவம்பரில் இறந்துவிட்டாள். உனக்கு ஞாபகம் நிற்பதில்லை. குன்வோரிடம் கேட்காதே. தினமும் சொல்லிச் சொல்லி அவள் தேய்ந்துவிட்டாள்.'

கடித்த ரொட்டியை டப்பாவிலேயே வைத்தார்.

எர்லிங் தாளைச் சுக்கல் சுக்கலாகக் கிழித்துக் குப்பையில் போட்டார். நாளைக்காவது அவள் உயிரோடு இருக்கட்டும்.

குன்வோர் தடுக்கவில்லை. தன் மேசை இழுப்பறையைத் திறந்து, இன்னொரு மெழுகுத்தாளை எடுத்து, கழுவி வைத்திருந்த நாளைய டப்பாவுக்குள் போட்டாள். அதே பென்சில். அதே கையெழுத்து.

"நீங்களே எழுதித் தந்ததுதான், எர்லிங். இதே மாதிரி ஒரு துண்டைக் காட்டி, 'எனக்கும் நூறு தடவை சொன்னா போதும்'னு நூறு தாள் எழுதினீங்க."

பின்னால் திரையில் கோடு இன்னும் இறங்கவில்லை.

அவர் எழுந்துபோய் இழுப்பறைக்குள் எட்டிப் பார்த்தார்.

காலி.