பதினேழு நடை

அணிலும் எலியும் ஒன்றிடம் ஒன்று கடலையைக் கைமாற்றாக வாங்கித் தின்னும். இன்று அணில் தரவேண்டியது ஒன்பது, எலி தரவேண்டியது எட்டு. வாய்க்கு ஒன்றாகக் கவ்விப் போனால் பதினேழு நடை. வழியிலோ பூனை படுத்திருந்தது.

அணிலுக்குத் திடீரென்று ஒரு சந்தேகம். வேலிமேலிருந்தே கத்தியது: "எலியாரே, உங்க எட்டை என் ஒன்பதுல கழிச்சுக்கிட்டா என்ன?"

எலி விரல்விட்டு எண்ணியது. "அட, ஒரே நடைதான்!"

பூனை கொட்டாவி விட்ட நேரம் பார்த்து அணில் ஒரு கடலையோடு ஓடி, கொடுத்துவிட்டுத் திரும்பி மரமேறிவிட்டது.

பூனை சீறியது: "இதென்ன புதுப் பழக்கம்? வாங்கினதை முழுசாக் கொண்டுபோய்க் கொடுக்கறதுதானே நாணயம்!"

"எங்க கணக்குல உங்களுக்கென்னண்ணே அக்கறை?" என்றது அணில்.

 பூனையின் வயிறுதான் கடமுடவென்று பதில் சொன்னது.