செய்தி மட்டும் போதும்

"பாட்டெல்லாம் வேணாம் பாய். வேன் ஓடுறப்ப டெல்லிச் செய்தி தெளிவா கேக்கணும். அந்த மாதிரி பெட்டியா எடுங்க" என்றார் மருதையன்.

தஞ்சாவூர்க் கடைத்தெருவில் அப்போதுதான் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. ரேடியோக் கடை அஹமது கபீர் மூன்று டிரான்சிஸ்டர்களை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். மருதையனின் மனைவி அம்சம் எதையும் தொடாமல் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க பயணம்?"

"திருச்சி ஜெயிலுக்குங்க. வலங்கைமான் பக்கத்துலேர்ந்து வர்றோம். நாளைக்கு விடிஞ்சதும் எங்க புள்ளையக் குடுத்துடுவாங்க."

கபீரின் முகம் மலர்ந்தது. "அப்படிச் சொல்லுங்க! என்ன கேசு?"

"அறுப்புக் கூலித் தகராறு. களத்துல அடிதடியாப் போச்சு. பண்ணைக் காரியக்காரர் உசிரு போயிட்டுது. அங்க நின்ன அம்பது பேருல எங்க பக்கிரி பேரைத்தான் எழுதுனாங்க."

"போகட்டும், எல்லாம் முடிஞ்சுதே" என்று சொல்லிக்கொண்டே கபீர் வாசலை எட்டிப் பார்த்தார். விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் சிவப்புக் கொடி கட்டிய வேன் ஒன்று நின்றிருந்தது. பின்பக்கத்து இருக்கைகளை எல்லாம் கழற்றிவிட்டிருந்தார்கள்.

"ஊரே கெளம்பிடுச்சா? நின்னுக்கிட்டே போறதா ஏற்பாடா?"

"நாங்க ரெண்டு பேருதாங்க" என்றார் மருதையன்.

கபீர் அலமாரியிலிருந்து பளபளவென்று ஒரு ஜப்பான் பெட்டியை இறக்கினார். "இதப் பாருங்க. ரேடியோவும் இருக்கு, கேசட்டும் போடலாம். வர்றப்ப தம்பி பாட்டுக் கேட்டுக்கிட்டே வரட்டும்."

முதல்முறையாக அம்சம் கையை நீட்டினாள். பெட்டியின் மூடியை மெல்லத் தடவினாள். "பாட்டுன்னா அவனுக்கு உசிரு" என்றாள். நாற்று வயலில் அவன் பாட ஆரம்பித்தால் பெண்கள் குனிந்த தலை நிமிராமல் நட்டுக்கொண்டே போவார்களாம்.

"அம்சம்" என்றார் மருதையன்.

அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

கபீருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். தோல் உறை போட்ட டிரான்சிஸ்டரைத் தள்ளி வைத்தார். "அப்ப இதான் சரி. தகர வண்டிக்குள்ள கரகரன்னு சத்தம் வரும். ஜன்னலோரமா வச்சுக்கிட்டீங்கன்னா டெல்லி நல்லா எடுக்கும்."

"ஒரு வார்த்தைகூட விட்டுப்போகக் கூடாது தம்பி" என்றாள் அம்சம். "இன்னிக்கு அந்திச் செய்தியிலயே சொல்லிடுவாங்கன்னு சங்கத்துல சொன்னாங்க."

விடுதலையைத்தான் சொல்கிறாள் என்று கபீர் நினைத்துக்கொண்டார். "செய்தி நேரம்தானே இது? இப்பவே கேட்டுடுவோம்." பேட்டரியைப் போட்டுக் குமிழைத் திருகினார்.

இரைச்சல் வந்தது. பிறகு ஆகாசவாணியின் குரல் கணீரென்று கேட்டது.

மருதையன் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அம்சம் மேசையில் காதை வைக்காத குறையாகக் குனிந்தாள். வேன் டிரைவரும் இறங்கி வந்து படியில் நின்றான்.

முதலில் மாநிலச் செய்தி. மேட்டூர் அணையின் நீர்மட்டம் சொன்னார்கள். உச்சவரம்புக்கு மேற்பட்ட நிலம் ஏழைகளுக்கு விரைவில் பிரித்துத் தரப்படும் என்று முதலமைச்சர் பேசியதைச் சொன்னார்கள். பிறகு டெல்லிச் செய்தியில் குடியரசுத் தலைவர் என்ற சொல் வந்தபோது அம்சம் கணவனின் கையைப் பற்றினாள். குடியரசுத் தலைவர் ஏதோ ஒரு வெளிநாட்டுத் தூதரை வரவேற்றிருந்தார். அடுத்து கிரிக்கெட். அத்துடன் செய்தி முடிந்து வயலின் ஒலித்தது.

"பாத்தீங்களா! ஒரு எழுத்து பிசகல" என்று கபீர் பெருமையாக நிமிர்ந்தார். "இதையே கட்டிடவா?"

டிரைவர் தலையைக் குனிந்தபடி வண்டிக்குப் போய்விட்டான்.

"ராத்திரியும் செய்தி சொல்லுவாங்கல்ல தம்பி?" என்று கேட்டாள் அம்சம். கபீர் தலையசைத்ததும் டிரான்சிஸ்டரை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினாள். வேனில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வயலின் இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தது.

"என்னங்க ஆச்சு? நல்ல சேதிதானே எதிர்பாத்தீங்க?" கபீர் குழம்பிப்போய்க் கேட்டார்.

"கருணை மனு போட்டிருந்தோம் பாய்." மருதையன் அவளுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார். "பெட்டி அவ மடியிலயே இருக்கட்டும். இந்தத் தெருவுல கோடித்துணி எந்தக் கடையில எடுக்கலாம்?"