பழசுதான் வேணும்

கணினி வகுப்பில் சேர வந்திருந்த சுமைதூக்கும் தொழிலாளிக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது என்பதில் டீச்சருக்குக் குழப்பமே இல்லை.

"ரியாக்ட்னு புது நிரல்முறை இருக்கு, அதைப் படிங்கண்ணே. சொந்தமா ஒரு வெப்சைட் செஞ்சு பழக அதுதான் தோது."

"வேணாம்மா. அந்தப் பழைய ஜேக்வெரி நிரலே போதும்."

"ஐயோ, அது செத்துப்போன சரக்கு. இப்ப யாருண்ணே அதைச் சீந்துறா?"

அவர் முகம் சுண்டிவிட்டது. "செத்தா என்னம்மா? எனக்கு அதுதான் வேணும்."

"சரி, வீட்டுல தடுமாறினா யாரைக் கேப்பீங்க?"

"என் மகளைத்தான். எழுத்தே அவகிட்டதான் படிச்சேன். கொஞ்சம் வாய்த்துடுக்கு. திட்டிக்கிட்டேதான் சொல்லித் தருவா."

"அப்ப அவங்களைக் கூட்டிட்டு வாங்க. நான் பேசிக்கிறேன்."

"கூட்டிட்டுத்தான் வந்திருக்கேன்" என்றபடி, பையிலிருந்து ஒரு பழைய லேப்டாப்பை எடுத்துத் திறந்து வைத்தார்.

வண்ண வண்ணமான ஜேக்வெரி நிரல் வரிகளுக்கு நடுவே, சாம்பல் நிறத்தில் தமிழ்க் குறிப்புகள் இருந்தன.

'இந்த அடைப்புக்குறியை மூடாம எந்திரிக்காதேப்பா.'

'மறுபடியும் அதே தப்பா? மண்டு அப்பா!'

'ஊசி போட்ட கை வலிக்குதுப்பா. மிச்சம் நாளைக்கு.'

அதற்குக் கீழே வெறும் திரைதான். கோப்பின் தேதி மூன்று வருடத்துக்கு முந்தையது.

காய்த்துப்போன விரலை அவர் அந்தக் கடைசி வரியின் கீழே வைத்தார்.

"புதுசெல்லாம் வேணாம்மா. அவ மறுநாள் சொல்லித் தர இருந்தது என்னன்னு மட்டும் சொல்லுங்க."