ஜன்னலுக்கு இரண்டு ஹாரன்

தெருவில் பஸ் ஹாரன் இரண்டு முறை ஒலித்தது. மாடி வீட்டுக்காரி ஈரக்கையோடு ஜன்னலுக்கு ஓடிக் கையசைத்தாள்.

"யாருக்குக்கா டாட்டா?" கீழ்வீட்டுக்குப் புதிதாக வந்தவள் கேட்டாள்.

"எங்க வீட்டுக்காரர் ஏற்படுத்தின பழக்கம். இந்த நாட்டுக்கு வந்த புதுசுல பாஷை தெரியாம, பேச ஆளில்லாம அழுதுட்டே இருப்பேன். 'நம்ம தெரு வழியாத்தான் பஸ் ஓட்டுறேன். ஹாரன் அடிச்சா எட்டிப் பாரு'ன்னார். பேரப்பிள்ளை பிறந்தும் நிறுத்தலையே."

"குடுத்து வச்சவங்க. சாயங்காலம் அண்ணன் வந்ததும் பார்க்கணும்."

"அவர் தவறி ஒரு வருஷமாகுதும்மா."

"அப்போ இப்ப அடிச்சது?"

"இந்த ரூட்டுக்கு யார் வந்தாலும் டிப்போவுல சொல்லித்தான் அனுப்புறாங்க. போன வாரம் காய்ச்சல்ல படுத்திருந்தேன். எழுந்து வந்து கை காட்டுற வரைக்கும் பஸ் நகரவே இல்ல."