இடது சக்கரம்

“இன்னும் சொரசொரன்னு இருக்கு. திரும்பத் தேய்” என்று மாப்பிள்ளை அந்தப் பலகைத் துண்டைச் சின்னவளின் முன்னால் போட்டார்.

விரல் அகலத் துண்டு. இடது கையால் பிடித்து, வலது கையால் உப்புத்தாளைப் போட்டுத் தேய்க்க வேண்டும். சின்னவள் பிடித்தாள். நழுவி மேஜைக்கடியில் விழுந்தது. தங்கைக்கு முந்தி அக்கா சட்டென்று குனிந்தாள்.

“விடுங்க அக்கா. அவளே எடுப்பா.”

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தங்கைக்குப் பக்கவாதம் வந்து மூன்று மாதம். நடை திரும்பிவிட்டது, பேச்சு திரும்பிவிட்டது. இடது கை மட்டும் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி மடியில் கிடந்தது. அவளுக்கு முடி திருத்தும் கடையில் வேலை. கத்தரிக்கு வலது கை போதும், சீப்புக்கு? குளிர் முடிகிறவரை அவள் இடத்தில் வேறு ஆள் போடமாட்டேன் என்று கடைக்கார அம்மா சொல்லியிருந்தாள். ஆஸ்பத்திரியில் அமுக்கச் சொல்லிக் கொடுத்த ரப்பர் பந்தைச் சின்னவள் இரண்டே நாளில் அலமாரிக்குள் எறிந்துவிட்டாள். “நான் என்ன குழந்தையா?”

அதைக் கேட்டுத்தான் அக்கா பெட்டியோடு வந்து இறங்கினாள். தங்கைக்குத் தலை வாரினாள். ரொட்டியைப் பிட்டுக் கொடுத்தாள். வாசல்வரை போவதென்றாலும் கோட்டுக்குப் பொத்தான் போட்டுவிட்டாள்.

மாப்பிள்ளைக்கோ படகுப் பைத்தியம் பிடித்திருந்தது. அவர் லிஃப்ட் மெக்கானிக். மேலே, கீழே தவிர வேறு திசை தெரியாத மனுஷன், இந்தக் குளிர்காலம் பார்த்துச் சாப்பாட்டு மேஜையில் படகு கட்ட உட்கார்ந்தார். ரிமோட்டில் ஓடுகிற இழுவைப் படகு. அந்தக் காலத்தில் பெரிய கப்பல்களைத் துறைமுகத்துக்குள் இழுத்து வந்த வகை. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சக்கரம், சக்கரத்துக்குப் பத்துத் துடுப்புப் பலகை. இருபதையும் தேய்ப்பது நோயாளிப் பெண்டாட்டியின் வேலை.

“மனுஷங்க தட்டை மடியில வச்சுச் சாப்பிடறோம். கப்பலுக்கு மட்டும் மேஜை” என்றாள் அக்கா, சுவரைப் பார்த்து.

“கப்பலுக்கு மடி இல்லையே அக்கா.”

சின்னவள் சிரித்துவிட்டாள். அதுவும் அக்காவுக்குப் பிடிக்கவில்லை.

ஒரு நாள் மாப்பிள்ளை வேலைக்குப் போனதும் அக்கா உப்புத்தாளைக் கையில் எடுத்தாள். “நீ பேசாம உக்காரு.” மதியத்துக்குள் மீதியிருந்த பன்னிரண்டு பலகையையும் கண்ணாடி மாதிரி தேய்த்து அடுக்கிவிட்டாள்.

சாயங்காலம் மாப்பிள்ளை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

“இது யார் கைவேலை?”

“ஏன், நல்லாத்தானே இருக்கு?”

“ரொம்ப நல்லா இருக்கு. அதான் கேட்டேன்.”

பன்னிரண்டையும் குப்பைக்கூடையில் போட்டார். புதிதாகப் பன்னிரண்டு துண்டு அறுக்க உட்கார்ந்தார்.

“மாப்பிள்ளை, லிஃப்ட்டு மாதிரி மனுஷங்களையும் அந்தரத்துல தொங்கவிட்டுத்தான் பாப்பீங்களா?”

அவர் ரம்பத்தை இழுத்துக்கொண்டிருந்தார். அன்றைக்குச் சமையலறையில் பாத்திரங்கள் வழக்கத்தைவிடச் சத்தமாகக் கழுவப்பட்டன.

“என்கூட வந்துடுடி. இந்த மனுஷன்கிட்ட நீ கூலி இல்லாத ஆளா கெடக்க வேணாம்.”

“படகு முடியட்டும்க்கா” என்றாள் சின்னவள்.

குளத்தில் பனி உருகிய முதல் ஞாயிற்றுக்கிழமை படகு தண்ணீரில் இறங்கியது. கறுப்பு உடம்பு, சிவப்புச் சக்கரக் கூடு, ஒல்லியாக ஒரு புகைபோக்கி. மாப்பிள்ளை ரிமோட்டைத் தூக்கிச் சின்னவளின் கழுத்தில் வாரோடு மாட்டினார்.

“அக்கரைக்கு ஓட்டு.”

ரிமோட்டில் இரண்டு குச்சி. வலது குச்சி வலது சக்கரத்துக்கு, இடது குச்சி இடது சக்கரத்துக்கு. வலது சக்கரம் தண்ணீரை வாரி அடித்தது. இடது சக்கரம் தூங்கி வழிந்தது. படகு செக்கு மாடு மாதிரி ஒரே இடத்தில் சுற்றியது. கரையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள்.

“வாங்கி நீங்களே ஓட்டுங்களேன் மாப்பிள்ளை. எதுக்கு அவளை நாலு பேர் முன்னாடி...”

அவர் சின்னவளின் கழுத்து வாரை நேராக்கிவிட்டு நகர்ந்துகொண்டார்.

பக்கத்தில் தன் சின்ன விசைப்படகை ஓட்டிக்கொண்டிருந்த தபால்காரருக்கும் பொறுக்கவில்லை. “சார், ரெண்டு சக்கரத்தையும் ஒரே மோட்டார்ல கோத்து ஒரு சுக்கான் வச்சிருந்தீங்கன்னா, அந்தம்மா ஒரு விரல்ல ஓட்டிடுவாங்க. இருக்கறதுலயே கஷ்டமான படகா பாத்தா எடுப்பீங்க?”

“மத்த எல்லாப் படகையும் ஒரு கையாலேயே ஓட்டிடலாம் சார்” என்றார் மாப்பிள்ளை, படகிலிருந்து கண்ணை எடுக்காமல். “தேடித் தேடி இது ஒண்ணுதான் கெடச்சுது.”

அக்கா தங்கையின் இடது கையைப் பார்த்தாள். கட்டைவிரல் குச்சியின்மேல் வெளுத்துப்போய் நடுங்கிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் போயிற்று. சுற்று பெரிதாயிற்று. இன்னும் பெரிதாயிற்று. எட்டாவது சுற்று முடியவே இல்லை. படகு கோணலும் மாணலுமாக நிமிர்ந்து, இரண்டு வாத்துகளை விரட்டியபடி அக்கரையைப் பார்த்துப் போனது.

“போகுதுங்க!” என்று கத்தினாள் சின்னவள். “இடதும் தள்ளுதுங்க!”

மாப்பிள்ளை மூக்கை உறிஞ்சிக்கொண்டார். குளிர்தான்.

அக்காவுக்குக் குப்பைக்கூடையில் விழுந்த பன்னிரண்டு பலகையின் சத்தம் ஒவ்வொன்றாகத் திரும்பக் கேட்டது.

கிளம்பும்போது காற்று எழுந்தது. சின்னவளின் கோட்டுப் பொத்தான்கள் திறந்து கிடந்தன. அக்காவின் கை பழக்கத்தில் நீண்டது. பாதியில் நின்றது.

பிறகு இரண்டு கையையும் தன் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு, தங்கை நாலு பொத்தானையும் போட்டு முடிக்கிறவரை, குளத்தைப் பார்த்தபடி நின்றாள்.